பெட்டிக்குத் தைத்த சட்டை

அந்தத் தெருவில், வெட்டிய துண்டுத் துணியைக்கூடத் திருப்பிக் கொடுக்கிற தையல்காரர் அவர் ஒருவர்தான். இரண்டு விரல் அகலத் துண்டாக இருந்தாலும் ஒரு பையில் போட்டு, தைத்த உடுப்போடு சேர்த்து நீட்டுவார்.

"இது எதுக்குண்ணே? குப்பையில போடுங்க" என்று வந்தவர்கள் சிரித்தால், "போடறதா இருந்தா நீங்க போடுங்க. அடுத்தவங்க பொருள் என் கையால குப்பைக்குப் போகக் கூடாது. நாளைக்கு மேல இருக்கிறவன் கணக்குக் கேப்பான்" என்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பதினேழு வருஷத்துக்கு முன்னால் டிஷ் கம்பெனியின் பெட்டி வந்து சேர்ந்தது. மொட்டைமாடியில் ஒரு தட்டு, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கூட வந்த காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'பெட்டியும் ரிமோட்டும் நிறுவனத்தின் சொத்து, வாடகைக்கே தரப்படுகின்றன. வாடிக்கையாளர் பத்திரமாகப் பராமரிக்க வேண்டும்.'

படித்த நாளிலிருந்து அந்த வீட்டில் முதல் மரியாதை பெட்டிக்குத்தான். அது வந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோலோடு அலமாரி மேலே ஏறியது. ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றக் கூடாது என்று உத்தரவு. அதற்கும் மேலே, மெரூன் வெல்வெட்டில் பெட்டிக்கு ஒரு சட்டை தைத்தார். உள்ளே பருத்தி லைனிங். ரிமோட்டின் வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும், கையால் காஜா எடுத்த ஒரு சின்ன ஓட்டை.

"தலையணை உறை கிழிஞ்சு ஆறு மாசமாச்சு. பெட்டிக்கு மட்டும் ஒரே நாள்ல அளவெடுத்துத் தச்சாச்சு" என்றாள் மனைவி.

"தலையணை நம்மளுது. இது அப்படியா?"

வெயில் காலம் வந்தாலே படம் போய்விடும். அவர் கம்பெனிக்குப் போன் போடுவார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். மனைவி வைக்கச் சொன்னால், "முக்கியம்னு இவ்வளவு தடவை சொல்றாங்க, பாவம், எப்படி வைக்கிறது?" என்று காதிலேயே வைத்திருப்பார்.

ஆள் வருகிற நாளன்று, அழுக்குச் சட்டையோடு பெட்டியைக் காட்டக் கூடாதே என்று காலையிலேயே அதைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டுவிடுவார். மெக்கானிக் வந்து பட்டனை அமுக்குவார். படம் பளிச்சென்று வரும். புத்தகத்தில் 'கோளாறு இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார். சாயங்காலம் சட்டை காய்ந்ததும் பெட்டி மறுபடி போட்டுக்கொள்ளும். பதினாறு வருஷம் இப்படியே ஓடியது.

இந்த வருஷம் பெட்டி தினமும் படுத்தது. வயசாகிவிட்டது, கூடுதல் கவனம் வேண்டும் என்று அவர் லைனிங்குக்குள் பஞ்சும் வைத்துத் தைத்தார். படம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

"எதுத்த வீட்டுக்காரர் மூணு கம்பெனி மாறிட்டாரு. மாறும்போதெல்லாம் புதுப் பெட்டி" என்றாள் மனைவி.

"பதினேழு வருஷப் பழக்கத்தை விட்டுட்டுப் போறதா? கேட்டா குடுப்பாங்க" என்று அவர் போன் போட்டார்.

"புதுப் பெட்டி புது வாடிக்கையாளருக்கு மட்டும்தான் சார்" என்றாள் கம்பெனிப் பெண். "நீங்க எங்க வைர வாடிக்கையாளர்."

"அப்போ எனக்கு என்னம்மா?"

"உங்களுக்கு எங்க மனமார்ந்த நன்றி சார். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பறோம்."

அவர் கவலை வெள்ளிக்கிழமை பற்றியது அல்ல, வியாழக்கிழமை பற்றியது. அன்று மாலை ஐந்து மணிக்கு அவர்கள் ஒரே மகள் முதல்முறையாக டிவியில் வானிலை சொல்லப் போகிறாள். மனைவிக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. அக்கம்பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கலாமென்றால், கூடத்துக் கட்டிலை விட்டு அசைய முடியாது. வீட்டிலிருந்ததோ பட்டன் போன். தவிர, மகள் போடப் போகும் நீலக் கோட்டு அவர் தைத்தது. பழைய அளவை வைத்துத் தைத்துப் பார்சலில் அனுப்பியிருந்தார். "நல்லா இருக்குப்பா" என்றாள் அவள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள். காலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானமே படம் போய்விட்டது. அவர் கைகூப்பி, "ஆண்டவனே, அஞ்சு நிமிஷம் போதும்" என்று வேண்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கம்பெனி சரித்திரத்திலேயே முதல்முறையாக மெக்கானிக் ஒரு நாள் முன்னதாக வந்து நின்றார். மணி நாலரை.

சட்டையைக் கழற்ற நேரமில்லை. மெக்கானிக் நேராகப் போய்ப் பெட்டியில் கை வைத்தார். "ஐயோ, சூடு!" என்று கையை உதறினார்.

"யாருங்க இதுக்கு ஸ்வெட்டர் போட்டது?"

"நான்தான் சார். பத்திரமாப் பராமரிக்கணும்னு எழுதியிருந்ததே..."

"மூச்சு விட நாங்க ஓட்டை வச்சுக் குடுத்திருக்கோம். நீங்க பஞ்சு வச்சு அடைச்சிருக்கீங்க! எத்தனை வருஷமா?"

"பதினேழு."

மெக்கானிக் புத்தகத்தைப் புரட்டினார். இருபத்தொரு புகார், இருபத்தொரு 'கோளாறு இல்லை'. "எல்லாம் என் கையெழுத்து" என்றார் மெதுவாக. கட்டிலில் மனைவி சிரித்த சிரிப்பில் கட்டுப் போட்ட கால் ஆடியது. "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது!"

மெக்கானிக் சட்டையைக் கழற்றி, அதே புகார்ப் புத்தகத்தால் பெட்டிக்கு விசிறினார். தையல்காரர் மறுபக்கம் நின்று வாயால் ஊதினார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது படம் வந்தது. மகளும் வந்தாள்.

"என் கண்ணே!" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்துத் திரையின் கீழ்ப்பாதியில் ஒரு பட்டை ஏறியது. 'அன்பான வைர வாடிக்கையாளரே! நம் உறவுக்குப் பதினேழு ஆண்டுகள்! வாழ்த்துகள்! தொடர, ஓகே பட்டனை அமுக்கவும்.' மகளின் முகவாய்க்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"மொகம் தெரியுதே, போதும்" என்றாள் மனைவி.

"காலர் தெரியலையே!"

அவர் ஓகேயை அமுக்கினார். பதினேழு வருஷ பிளாஸ்டிக் உறை விறைத்துப்போய், பட்டன் உள்ளே இறங்கவில்லை. கட்டைவிரலால் அமுக்கினார், இரண்டு விரலால் அமுக்கினார். மகள் அதற்குள் தெற்கே மழையை முடித்துவிட்டு வடக்கே போய்க்கொண்டிருந்தாள்.

"உறையக் கிழிங்க சார்!" என்றார் மெக்கானிக்.

"அது கம்பெனியோட..."

"நான்தான் சார் கம்பெனி. கிழிங்க!"

தையல்காரர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு கத்தரியை எடுத்து, நேர்கோடாக ஒரே வெட்டு. பட்டன் இறங்கியது. பட்டை மறைந்தது. நீலக் கோட்டு முழுசாகத் தெரிந்தது.

"இடது காலர் ஒரு நூல் தூக்கிக்கிட்டு நிக்குது" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"மழை வருமா வராதான்னு உங்க பொண்ணு சொன்னாளே, கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"வரும்போல. அடுத்த கோட்டுல சரி பண்ணிடறேன்."

மெக்கானிக் பேனாவைத் திறந்து கொஞ்சம் யோசித்தார். வேறென்ன எழுதுவது? 'கோளாறு இல்லை' என்றே எழுதினார். வாசல் வரை போனவரைத் தையல்காரர் கூப்பிட்டு ஒரு சின்னப் பையை நீட்டினார். உள்ளே வெட்டிய பிளாஸ்டிக் உறை, நாலாக மடித்து.

"இது எதுக்கு சார்? குப்பையில போடுங்க."

"போடறதா இருந்தா நீங்க போடுங்க" என்றார் தையல்காரர்.