றஞ்சனி வீட்டு உலக்கை

சரவணை ஊரில் கிரகணம் என்றால் சனம் வானத்தைப் பார்ப்பதில்லை. றஞ்சனி வீட்டுக்குப் போகும்.

பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினால், கிரகணம் முடியும்வரை அது பிடிப்பார் இல்லாமல் நிற்கும். கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. விழுந்ததை யாரும் கண்டதில்லை, அதுவும் உண்மை. கிரகணம் விட்டதென்று கோவில் மணி கேட்டவுடனே றஞ்சனி அதைப் பயபக்தியோடு தூக்கி, துடைத்து, குசினி அடுப்படி மூலையில் சாத்திவிடுவாள்.

ஊரில் எத்தனையோ வீட்டில் உலக்கை இருந்தது. ஆனால் றஞ்சனியுடையதுதான் சொன்ன சொல் கேட்கும். நல்ல முதிரை மரம், அடியில் தட்டையான இரும்புப் பூண். காரைநகரில் இருந்து சீதனத்தோடு வந்தது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில்கூட அதைச் சைக்கிளில் கட்டச் சொன்னவள் அவள். "குண்டு விழுகிற நேரத்திலை எங்கை போய் மா இடிக்கப்போறீர்?" என்று புருசன் கதிர்காமு ஏசி ஏசித்தான் கட்டினார்.

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கூட்டம் என்றால் பின்வரிசை, கோவில் என்றால் தூணோரம். பிள்ளைகள் கலியாணம் முடித்துத் தூரத்தில் இருந்தார்கள். மிளகாய்த்தூள் வாங்க வருகிறவர்களைத் தவிர அந்தப் படலையைத் திறப்பவர்கள் குறைவு. கிரகண நாளில் மட்டும் முற்றம் நிறையும். அன்றைக்கு எல்லாரும் அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 2010 தையில் சூரியன் வளையமாகத் தெரிந்தபோதும், ஊரில் முக்கால்வாசிப் பேர் வளையத்தைக் காணவில்லை. உலக்கையைத்தான் கண்டார்கள்.

பிறகு 2019 மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், இன்னொரு வளையக் கிரகணம் வருவதாக இருந்தது. சனசமூக நிலையத்தில் வாகீசன் மாஸ்ரர் லீவு நாட்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து விஞ்ஞானம் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சவர்க்காரப் பெட்டிகளில் ஊசித்துளை போட்டு, உள்ளே வெள்ளைக் கடதாசி ஒட்டி, சூரியனின் உருவை விழுத்திப் பார்க்கும் பெட்டி செய்தார்கள். கொழும்பிலிருந்து கிரகணக் கண்ணாடிகளும் வந்தன. ஊரையே பள்ளிக்கூட வெளிக்கு அழைக்கவேண்டும் என்று வீடு வீடாகப் போனார்கள்.

றஞ்சனி வீட்டுக்கு டிலக்சனாவும் மிரோஜனும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் பத்து வயது இருக்கும். டிலக்சனாவின் முகம் வாடியிருந்தது.

"ஒருத்தரும் வரமாட்டினம் மாமி. எல்லா வீட்டிலையும் ஒரே கதை. 'வரலாந்தான் பிள்ளை, ஆனால் அந்த நேரம் றஞ்சனியின்ரை உலக்கை நிக்குமெல்லோ' எண்டு சொல்லுகினம்."

றஞ்சனிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தேத்தண்ணியைக் கொடுத்தாள்.

"மாமி, கிரகணம் இல்லாத நாளிலை நிப்பாட்டிப் பாத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. மற்ற நாளிலை நிக்காது."

"பாக்காமல் என்னெண்டு தெரியும்?"

"எங்கடை அம்மா சொன்னவ."

"அவ பாத்தவவோ?"

மிரோஜன் அவளுடைய முழங்கையில் இடித்தான். "வாயை மூடடி. பயத்தம்பணியாரம் எடுக்கத்தான் உள்ளை போறா, கெடுத்துப்போடாதை."

பணியாரம் கிடைத்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் போகவில்லை. சோற்றை வடிக்கும்போதும் நின்றது, திருநீறு பூசும்போதும் நின்றது.

மறுநாள் காலையில் கதிர்காமு மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு போனதும், றஞ்சனி சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள். "பிள்ளையாரப்பா, சோதிக்கிறன் எண்டு நினையாதை. சின்னப்பிள்ளை கேட்டிட்டுது" என்று சொல்லிவிட்டு, விறாந்தையில் தாம்பாளத்தை வைத்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். உலக்கையை நிறுத்தி, மூச்சை அடக்கி, இரண்டு கையையும் மெள்ள எடுத்தாள்.

நின்றது.

சூரியன் முழுசாக, பளீரென்று வேலிக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கிரகணமும் இல்லை, ஒன்றும் இல்லை. உலக்கை நட்டுவைத்த மரம் போல நின்றது.

மறந்துபோன தண்ணீர்ப் போத்தலுக்குத் திரும்பி வந்த கதிர்காமு படலையிலேயே நின்றுவிட்டார்.

"என்னப்பா, இண்டைக்கும் கிரகணமோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"இஞ்சாருங்கோ, பகிடி விடாதையுங்கோ. இது சும்மா நாளிலையும் நிக்குது." அவளுக்குக் கண் கலங்கியது. "நான் ஊரை ஏமாத்திப்போட்டனோ?"

அவர் உலக்கையைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "ஏமாத்திறதெண்டால் தெரிஞ்சு செய்யவேணும். உமக்குத் தெரியாதே."

"இப்ப தெரியுந்தானே."

கதிர்காமு உலக்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரம் றஞ்சனி கோவிலில் வழமைபோலத் தூணோரம் இருந்தாள். சொன்னால், அடுத்த கிரகணத்துக்கு யார் அந்தப் படலையைத் திறக்கப்போகிறார்கள்? மிளகாய்த்தூள்காரி றஞ்சனியாக மட்டும் இருக்கவேண்டியதுதான். சொல்லாவிட்டால், ஊர் முழுக்க மறுபடியும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் அந்தப் பெரிய வெளியில் தங்கள் சவர்க்காரப் பெட்டிகளோடு தனியே நிற்பார்கள். பூசை முடிந்து தீபம் காட்டியபோது அவள் மனதில் ஒன்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் தாம்பாளத்தைப் புளி போட்டு மினுக்கினாள்.

கிரகண நாள் காலை. கோவில் நடை சாத்தியாகிவிட்டது. வழமைபோல் நல்ல இடம் பிடிக்கவென்று சனம் முன்கூட்டியே வந்து முற்றத்தில் நிறைந்தது. முன்னுக்கு நின்றவள் பக்கத்து வீட்டு யசோதரா. உலக்கையைப் பற்றி ஊருக்குக் கதை சொல்வதில் றஞ்சனியைவிட அவளுக்குத்தான் உரிமை அதிகம்.

றஞ்சனி தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். தண்ணீர் ஊற்றினாள். நிறுத்தினாள். கையை எடுத்தாள்.

"நிண்டிட்டுது!" என்று பின்னால் யாரோ கும்பிட்டார்கள். "கிரகணம் பிடிச்சிட்டுதுபோலை."

ஒரு பெடியன் போனைப் பார்த்தான். "இல்லையே. இன்னும் துடங்கேல்லை."

முற்றத்தில் கும்பிட்ட கைகள் இறங்கின.

"அப்ப உதென்னெண்டு நிக்குது?" என்றாள் யசோதரா.

றஞ்சனி நிமிர்ந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் வாய் திறந்து கதைத்ததே இல்லை.

"அது எந்த நாளும் நிக்கும் போலை கிடக்கு. முந்தநாள் நிப்பாட்டிப் பாத்தனான். இவ்வளவு காலமும் நிண்டுதான் இருக்கும். நாங்கள்தான் ஒருநாளும் கேக்கேல்லை."

"விசர்க்கதை! நான் எத்தினை பேருக்குச் சொன்னனான் தெரியுமோ? என்ரை மருமோளுக்கு ஜேர்மனிக்குப் படம்கூட அனுப்பினனான்!"

"எனக்கும் நேத்து முழுக்கச் சோறு இறங்கேல்லை, யசோதரா." றஞ்சனி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ஆனால் ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ. இண்டைக்குக் கடவுள் சூரியனுக்கு வளையம் போட்டுக் காட்டப்போறார். நாங்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்ரை உலக்கையைப் பாத்துக்கொண்டு நிண்டால், அவருக்கு எப்பிடி இருக்கும்? உலக்கை நாளைக்கும் நிக்கும். வளையம் நிக்காது. அங்கை பிள்ளையளட்டைக் கண்ணாடி இருக்கு, வெறுங்கண்ணாலை பாக்கவேண்டாம். நான் போறன்."

சொல்லிவிட்டு அவள் உண்மையிலேயே படலையைத் திறந்துகொண்டு நடக்கத் தொடங்கினாள். பின்னால் கதிர்காமுவின் குரல் கேட்டது.

"முப்பது வருசமா உலக்கையையும் என்னையும் ஆட்டாமல் அசைக்காமல் நிப்பாட்டி வைச்சிருக்கிறா. நான் வாய் திறக்கேலாது. வாங்கோ, போவம்!"

முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பத்துச் சிரிப்பு. சனம் படலையால் நெரிந்துகொண்டு வெளியே வந்தது. உலக்கை தனியே நின்றது.

பள்ளிக்கூட வெளியில் வாகீசன் மாஸ்ரர் ஆட்களை எண்ணி வைத்திருந்த கதிரைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. ஒழுங்கை வழியே ஊர் திரண்டு வருவதைக் கண்ட டிலக்சனா, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சேர், வருகினம்! எல்லாரும் வருகினம்!"

கண்ணாடிகள் கைமாறின. கிழவர்கள் பெட்டிக்குள் தலையை விட்டார்கள். வெளிச்சம் மெல்ல மாறியது. நிழல்களின் ஓரம் கத்தியால் வெட்டினதுபோலத் தெளிந்தது. காற்றுக் குளிர்ந்தது. காகங்கள் குழம்பிப்போய்ப் பனைக்கும் வேலிக்கும் பறந்தன. பிறகு, ஐயரின் விரலில் கிடக்கும் தர்ப்பை மோதிரம்போல, பொன்னாக ஒரு வளையம், நடுவில் கறுப்பு. வெளி முழுக்க "ஐயோ, வடிவே!" என்று ஒரே குரல். றஞ்சனிக்குத் தேவாரம் ஒன்று வாய்க்கு வந்தது. பாதியில் கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்து, வளையம் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. வரிசையில் பின்னால் நின்ற மிரோஜன் பொறுக்கமாட்டாமல், "மாமி, அழுதது காணும், தாங்கோ" என்று கண்ணாடியைக் கேட்டான்.

கிரகணம் விட்டு, ஊர் முழுக்கத் தலை முழுகி முடிய மத்தியானமாகிவிட்டது. றஞ்சனி வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் ஈரத்தலையோடு சனம். உலக்கை நின்ற இடத்திலேயே நிற்க, டிலக்சனா காவல் நின்றாள்.

"மாமி, எல்லாருக்கும் தாங்கள் நிப்பாட்டிப் பாக்கவேணுமாம். தண்ணி இல்லாமல் நிக்குமோ எண்டும் பாக்கவேணும். தலைகீழாயும்."

அவ்வளவுதான். முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். போன் பார்த்த பெடியனின் கையில் நான்குதரம் விழுந்தது. வாகீசன் மாஸ்ரரின் கையில் ஆறுதரம். "படிச்ச படிப்பு என்னாச்சு சேர்?" என்று கேட்டு மிரோஜன் ஓடினான். மாஸ்ரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒவ்வொருத்தருக்கும் றஞ்சனிதான் பக்கத்தில் நின்று கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். தேத்தண்ணிக்குப் பானை மூன்றாம் தரம் அடுப்பேறியது. இவ்வளவு நேரம் அந்த முற்றம் ஒருநாளும் நிறைந்து நின்றதில்லை.

கடைசியாகப் படலையடியில் யசோதரா.

"நான் உலக்கைக்கு வரேல்லை. மிளகாய்த்தூள் இருக்கோ எண்டு கேக்க வந்தனான்."

"இருக்கு. அதுக்கு முந்தி இதைப் பிடியும்."

"எனக்கு ஏலாது."

"ஏலும். இறுக்கிப் பிடியாதையும். அது தான் நிக்கிற இடத்தைத் தானே தேடும். மூச்சை விடும். ம்... இப்ப கையை எடும்."

முற்றமே எட்டிப் பார்த்திருக்க, யசோதரா ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.