கார்டு வரட்டும் என்று தள்ளிவைத்த ஊசி

என் மனைவி சரோஜாவுக்கு எலும்பு மெலிவு நோய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பதிக்குப் போய் ஊசி போட வேண்டும். விலை அதிகம் என்பதால், பெங்களூரில் இருக்கும் மகனுடைய கம்பெனி இன்சூரன்ஸில் போடுவது வழக்கம். சென்ற ஆண்டு ஊசிக்கு நாள் நெருங்கியபோது அவன் வேறு கம்பெனிக்கு மாறினான். பழைய கார்டு செல்லாது, புதியது வரவில்லை. கைக்காசு போட மனமில்லாமல், "கார்டு வரட்டும்" என்று இரண்டு மாதம் தள்ளிவிட்டேன்.

ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவள், முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊர் பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்குக் கார் வைத்துக்கொண்டு ஓடினோம்.

"இந்த ஊசியை நாள் தள்ளினா முதுகெலும்பே நொறுங்கிடலாம் சார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே வரும்வரை வெளியே காத்திருந்தோம்.

"அல்லாத்துக்கும் கணக்கு போடுவியே, என் முதுகு எந்தக் கணக்குலய்யா வருது?" என்றாள் சரோஜா, வலியிலும் சிரித்துக்கொண்டு.

நல்லவேளை, வெறும் தசைப்பிடிப்பு. டாக்டர் சொன்னபடி அன்றே கைக்காசில் ஊசி போட்டோம்.

இப்போதெல்லாம் ஊசிக்கென்று மாதாமாதம் தனியாகப் பணம் ஒதுக்குகிறேன். மகனும் திருந்திவிட்டான். போன வாரம் இன்னொரு வேலை கிடைத்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தான்: "ஊசி போட்டுக்கினியாம்மா? நீ சொன்ன அப்பறம்தான் ரிசைன் பண்ணுவேன்."