தட்டை உடைக்க மறுத்த அக்கா

எங்கள் அக்கா கண்மூடி இன்றோடு ஓராண்டு ஆகிறது. அக்கா மகள் என்னிடம் தாளும் பேனாவும் கொடுத்து, "இன்னைக்கு வர்றவக முன்னால வாசிக்க நீங்களே எழுதுங்க மாமா. வேற யார் எழுதுனாலும் பூசி மெழுகிருவாக" என்றாள். நான் நாலாம் வகுப்போடு ஊரைவிட்டு ஓடியவன். கொழும்பில் கடைப் பையனாகவும், நாகப்பட்டினத்தில் மூட்டை தூக்குபவனாகவும், பிறகு லாரியிலும் காலம் தள்ளியவன். எழுத்தில் பிழை இருக்கலாம். சொல்லும் செய்தியில் பிழை இல்லை.

அக்கா திருவரங்குளத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில், வானம் பார்த்த புஞ்சையை நம்பியிருந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தாயார் சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தவரும் அவர்தான். புதுக்கோட்டை நகரத்தில் வாழ்க்கைப்பட்டார். மச்சான் விஷக்காய்ச்சலில் இறந்தபோது மகள் கைக்குழந்தை. அக்கா ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பாத்திரம் கழுவப் போனார். புருஷனை இழந்தவள் இப்படிப் போகலாமா என்று உறவில் பலர் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் ஒரு படி அரிசி கொண்டுவந்து கொடுக்கவில்லை.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த ஆண்டு துரை வீட்டைக் காலி செய்தார். சாமான்களை ஏலம் விட்டார்கள். சாய்வு நாற்காலி, தேக்கு மேசை, நிலைக்கண்ணாடி எல்லாம் வண்டி ஏறின. பீங்கானை மட்டும் யாரும் சீந்தவில்லை. வெள்ளைக்காரன் எச்சில் பட்டதை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவது என்ற பயம். துரைசாணி அக்காவைக் கூப்பிட்டு, மிச்சம் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதில் சீமையிலிருந்து வந்து, பிரிக்காமலே கிடந்த ஒரு பெட்டியும் இருந்தது. அக்கா வைக்கோலை விலக்கி எடுத்தபோது, ஒற்றைக் கைப்பிடி வைத்த, ரோஜாப்பூ எழுதிய பெரிய கிண்ணம் ஒன்று வந்தது. அதன் அழகை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

அதோடு இப்படிச் சாமான் சேர்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. எருமை வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைத்தார். பால் ஊற்றப் போகும் வீடுகளில் பாகம் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால் பரண் பக்கம் ஒரு கண் வைப்பார். பர்மாவிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடி, மயில் போட்ட ஓடு, கை ஒடிந்த செதுக்கு நாற்காலி, நீலப்பூத் தட்டுகள். ஒரு தட்டுக்கு இன்னொன்று ஜோடி கிடையாது. விரிசல் விட்டதை வீட்டில் வைக்கக்கூடாது என்று பிறர் தள்ளியதைக்கூட வாங்கி, பீங்கானில் துளையிட்டுக் கம்பித் தையல் போடுபவரிடம் கொடுத்து ஒட்டவைத்துச் சேர்த்துக்கொள்வார். நானும் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு ஜாடியை வேட்டியில் சுற்றி, லாரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன்.

தெருவில் அவருக்குப் 'பீங்கான்காரி' என்று பெயர் விழுந்தது. "எதுக்குக்கா இது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அலுமினியத் தட்டுல சோறு தீந்தா வெறுந்தட்டுடா. இதுல தீந்தா அடியில ஒரு பூ இருக்கு" என்றார்.

அக்கா மகளுக்குப் பரிசம் போட வந்த நாளைப் பற்றி இதுவரை வந்த பேச்செல்லாம் மற்றவர்கள் பேசியது. தாய்மாமன் என்ற முறையில் நான் சபையில் இருந்தேன். நடந்ததை எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு அக்கா தம்மிடம் இருந்த நல்ல தட்டுகளில் சோறு போட்டார். ரசத்தை அந்த ரோஜாக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தார். எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பட்டாளத்து மெஸ்ஸில் வேலை பார்த்தவர். கை கழுவி வந்தவர் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏந்த்தா, இது என்ன சாமான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"பெரிய கிண்ணம்ண்ணே."

"கிண்ணமா! தொரைமாருக ராத்திரியில கட்டிலுக்கு அடியில வச்சுக்கிறது. எந்திரிச்சு வெளிய போகச் சோம்பலா இருந்தா..."

ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனாருக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா அதைக் கீழே வைக்கவில்லை. "வைக்கோலைப் பிரிச்சு எடுத்தவ நான். ஒருத்தரும் பொழங்காத சாமான். நீங்க குடிச்ச ரசந்தான் இதுல மொதமொதல்ல ஊத்துனது" என்றார்.

"அந்தக் கதையெல்லாம் வேணாம். இந்த வீட்டுல இருக்குற பீங்கான் பூராத்தையும் இப்பவே போட்டு ஒடைங்க. தட்டை மாத்திக்கிட்டுப் போறோம். இல்லேன்னா எந்திரிக்கிறோம்" என்றார் தகப்பனார்.

தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது. எங்கள் பெரியப்பா என்னைப் பார்த்து, "தாய்மாமன் நீதானடா, அள்ளிக்கிட்டுப் போயி அங்கிட்டுப் போட்டு ஒடை. பொண்ணு வாழ்க்கையா, ஓடா?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஒடைக்கலாம் பெரியப்பா. இன்னைக்கு இது பிடிக்கலேங்கிறாக, ஒடைக்கிறோம். நாளைக்கு எம்மக வச்சிருக்குற வேற எது பிடிக்கலேன்னாலும் ஒடைக்கச் சொல்லுவாகல்ல. அப்ப யாரு ஒடைக்கிறது?"

அப்போது உள்ளேயிருந்து பட்டுச்சேலையோடு அக்கா மகள் வந்தாள். சபை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆத்தா, பசிக்குது. சோறு போடு."

"எதுல போட?"

"நீலப்பூத் தட்டுல போடு. ரசத்தையும் இங்கிட்டுக் கொண்டா."

அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர்கள் வண்டி போய்விட்டது. அதன்பின் வரன்கள் தெருமுனையோடு திரும்பின. அக்கா ஒரு தட்டையும் விற்கவில்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. பிறகு அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து, என்னோடு லாரி ஓட்டியவர் பெண் பார்க்க வந்தார். முழுக் கதையையும் நானே சொல்லித்தான் கூட்டி வந்தேன். அதே கிண்ணத்து ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார். அவர்தான் இன்று இந்த வீட்டு மருமகன்.

கடைசியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. கஞ்சி மட்டும் இறங்கியது. அதையும் நீலப்பூக் கோப்பையில்தான் கேட்டார். "செத்தா எம் பாய வெளியில போடு, சேலையப் போடு. தட்டைப் போட்டியோ, வந்து கேப்பேன்" என்று என்னிடம் சொன்னார். இறந்தவர் புழங்கிய பாத்திரத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்று காரியத்தன்று பலர் வற்புறுத்தினார்கள். பாயும் சேலையும் போயின. தட்டு போகவில்லை. இன்னும் வருத்தம் உள்ளவர்கள் என்னிடம் பேசலாம், அக்கா மகளிடம் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு ஓடிய எதிர்வீட்டு அண்ணனுக்கும், கடைசி வரை எருமைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மதினிக்கும், தோளில் சுமந்த பிள்ளைகளுக்கும், அழுக்கு பாராமல் பணிவிடை செய்த மகளுக்கும் மருமகனுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சிரித்தவர்களும் வந்திருக்கிறீர்கள். வந்ததற்கு நன்றி.

அக்காவின் படத்துக்கு முன்னால் குண்டுமல்லி நிறைத்து வைத்திருக்கும் கிண்ணம் எது என்று கேட்க வேண்டியதில்லை. அதேதான். இன்று பந்தியில் இலை கிடையாது. அக்காவின் தட்டுகளை எல்லாம் கழுவி வைத்திருக்கிறோம். உட்காருங்கள், மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். அடியில் பூ இருக்கிறது.