அளவு ஜாக்கெட்

தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் மனுக்களைப் பார்ப்பது என் வேலை. பதினாறு வருடமாக அதே மேசை. இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் யாரும் முதல் தடவையிலேயே முழுசாகச் சொல்ல மாட்டார்கள். மூத்த தாரத்துப் பையனை விட்டுவிடுவார்கள். எங்கோ கட்டிக்கொடுத்த தங்கையை மறந்துபோவார்கள். "இன்னும் யாராவது இருக்காங்களா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று நான் மூன்றாம் முறை கேட்கும்போது எச்சிலை விழுங்குவார்கள். அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு.

அதே கேள்வியைப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. உடன் வேலைபார்க்கும் பெண் ஒருத்திக்கு மார்பில் கட்டி வந்த பயத்தில், நானும் படம் எடுத்துப் பார்க்கப் போயிருந்தேன்.

"வீட்ல யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்துச்சா?"

"அம்மாவுக்கு."

அந்த ஒரு வார்த்தையை வெளியில் சொல்ல எனக்கு இருபத்துமூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு நோய் வந்தபோது அவளுக்கு நாற்பத்துநான்கு. ஊரில் எல்லோரிடமும் வயிற்றில் கட்டி என்று சொன்னோம். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் நான். இந்த வியாதி உள்ள குடும்பம் என்று தெரிந்தால் பெண் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள் என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். இரண்டே வருடத்தில் அம்மா போய்விட்டாள். போன பிறகும் அது வயிற்றுக் கட்டியாகவே இருந்தது. என் கணவரிடமே மகள் பிறந்த பிறகுதான் சொன்னேன்.

"அம்மாகூடப் பொறந்தவங்க?"

"ஒரு சித்தி. வள்ளியூர்ல இருக்காங்க. நல்லா இருக்காங்க."

நான் எச்சில் விழுங்கவில்லை. நம்பியதைத்தான் சொன்னேன். படத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் மரபணுச் சோதனை ஒன்று இருக்கிறது, எடுத்தால் நல்லது, யோசியுங்கள் என்றார் அவர். பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஒருத்திக்கு வந்தால் எல்லோருக்குமா வரும் என்று பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கணவரின் அக்கா மகளுக்குக் கல்யாணம். சித்தியும் வருவதாக இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே டெய்லர், மேலப்பாளையத்தில் ஒரு சந்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிற பெண். அந்தத் தெருவில் அக்காவைக் கூப்பிடுவதுபோல நாங்களும் லாத்தா என்று கூப்பிடுவோம். வள்ளியூரில் இல்லாத டெய்லரா, ஒரு ஜாக்கெட்டுக்காக ஒரு மணி நேரம் பஸ் ஏறி வருகிறாளே, இந்த வயதில் என்ன மினுக்கு என்று நான் சித்தியைக் கேலி செய்ததுண்டு. சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் யாரும் டெய்லர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு டேப்புக்கு நிற்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு கொடுத்தால் போதும், அதை வைத்து வெட்டித் தைத்துவிடுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். உடம்பு கொஞ்சம் பெருத்தால், "ரெண்டு விரக்கடை விட்டுத் தையுங்க" என்று வாயால் சொல்லிவிடுவோம்.

தைக்கக் கொடுத்ததை வாங்க நான் போன அன்று லாத்தா இல்லை. மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்தாள். அவளுடைய நாத்தனார் ஆணியில் தொங்கிய பைகளில் ஒன்றை எடுத்துத் தந்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். மேலே புது ஜாக்கெட், கீழே அளவு ஜாக்கெட். இரண்டுமே என்னுடையவை அல்ல. அந்த அரக்கு நிற அளவு ஜாக்கெட்டை எனக்குத் தெரியும். என் மகள் சடங்குக்குச் சித்தி அதைத்தான் போட்டிருந்தாள். பை மாறிவிட்டது என்று திரும்ப மடிக்கும்போது இடது பக்கம் கனத்தது.

உள்பக்கம் மல் துணியில் ஒரு பை வைத்துத் தைத்திருந்தது. அதற்குள் இலவம் பஞ்சை அடைத்த வட்டமான திண்டு. பஞ்சு ஒரு பக்கமாகத் திரளாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டியிருந்தது. யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மார்பை எடுத்த பிறகு அம்மா இருந்த கடைசி இரண்டு வருடமும் அவளுடைய ஜாக்கெட்டுகளைத் துவைத்தவள் நான். இதே பை, இதே ஓட்டுத் தையல். துவைக்கும் முன் திண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். கொல்லையில் காயப்போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அடுக்களை ஜன்னலில் வைத்துக் காயவைப்பேன். அம்மாவுக்கு அதைத் தைத்துக் கொடுத்ததும் லாத்தாதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வள்ளியூருக்குப் போனேன். சித்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பையை அவள் முன்னால் வைத்தேன். அவள் கை நின்றது. ஆய்ந்த கீரையையும் காம்பையும் சேர்த்து ஒரே குவியலாக்கினாள்.

"யார் யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"ஒஞ் சித்தப்பாவுக்குத் தெரியும். அவரும் போயிட்டாரு. அந்த மேலப்பாளையத்துக்காரிக்குத் தெரியும்."

"ஒங்க மகளுக்கு?"

சித்திக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். முப்பத்துநான்கு வயது, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

"அவளப் பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தாக. அந்த நேரம் பாத்து வந்து தொலைச்சிட்டு. கர்ப்பப்பை ஆபரேசன்னு சொல்லி மதுரைக்குப் போனேன். தாலி ஏறுத வரைக்கும்தான்னு நெனச்சேன். பொறவு அவ பேறுகாலம் முடியட்டும்னு இருந்தேன். பொறவு சொல்லுததுக்கு வாய் வரல ட்டி. பதினோரு வருசம் ஆயிட்டு."

"டாக்டர் கேட்டப்போ, எங்க சித்தி நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அவள் கொடுத்த காப்பியை மட்டும் குடிக்காமல் எழுந்து வந்தேன். எங்கள் வீடுகளில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது.

மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். சில வாரங்களில் முடிவு வந்தது. இந்த நோயைக் கொண்டுவரும் கோளாறான மரபணு, அம்மா வழி வந்தது, என்னிடமும் இருந்தது. டாக்டரம்மா என் முன்னால் இரண்டு வழிகளை வைத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் படம் எடுத்துக் காவல் காப்பது ஒன்று. நோய் வரும் முன்பே இரண்டு மார்பின் உள்சதையையும் எடுத்துவிடுவது மற்றொன்று. எடுத்தால் ஆபத்து மிகவும் குறையும், அடியோடு போகாது என்றார். எடுத்த இடத்தில் அப்போதே சிலிக்கான் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம்.

அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னேன். அவள் பிளஸ் டூ. "எனக்கும் இருக்குமாம்மா?" என்று கேட்டாள். பாதிக்குப் பாதி, ஆனால் நீ சோதித்துப் பார்க்க இன்னும் காலம் இருக்கிறது என்றேன். இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பக்கம் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

எடுத்துவிடுவது என்று சீக்கிரமே முடிவு செய்துவிட்டேன். காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. சிலிக்கான் வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருந்தேன். அதுவும் பஞ்சுதானே, கொஞ்சம் உயர்ந்த ரகம், அவ்வளவுதான். அம்மா மறைத்தாள், சித்தி மறைத்தாள், நானும் எதையோ வைத்து மறைக்க வேண்டுமா? தட்டையாகவே நடந்துபோகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றேன். கோபத்தில் முடிவெடுக்காதீர்கள், ஒரு மாதம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா.

கணவருக்குக் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசாத மனிதர். "நீ உசுரோட இருந்தா போதும் எனக்கு" என்றார்.

"சினிமா வசனம் வேண்டாம். மனசுல உள்ளதச் சொல்லுங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பழைய மாதிரியே இருந்தா நல்லாருக்கும்னுதான் தோணுது. அதச் சொல்லக் கூடாதோ?"

அதைச் சொன்னதற்காகத்தான் அன்று அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

என் கணவர்தான் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் சித்தி வந்து இறங்கினாள். நான் காப்பி கொடுக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

"மறைக்கதுக்கு வைக்கச் சொல்லல ட்டி. பஞ்சச் சொமந்தவ நான் சொல்லுதேன், கேளு. ஒரு தேரோட்டத்துல மழை பிடிச்சுக்கிட்டு. திண்டு நனைஞ்சு ஒரு பக்கம் இழுத்துட்டு நிக்குது. அத்தனை சனத்துக்கு மத்தியில கையக் கட்டிக்கிட்டே வீடு வந்தேன். பேத்தி ஓடி வந்து சாயும்போது, வலது பக்கமா இழுத்துச் சாச்சுக்கிடுவேன். ஆறு வருசமா அவளை இடது பக்கம் அணைச்சதில்ல. எப்பயும் அதே நெனப்பு. ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம். ஆனா எம்மேல உள்ள கோவத்துல வேண்டாங்காத."

அவள் சொன்னது சரிதான். என் உடம்பைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவை நான் அவளைத் தண்டிக்க எடுத்திருந்தேன். சிலிக்கான் எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அதுவரை என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுப் பார்த்தேன். வேண்டும் என்றிருந்தது. காலையில் புடவை கட்டி, கண்ணாடியில் ஒரு நிமிஷம் பார்த்து, மடிப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்புகிற அந்தச் சாதாரணப் பெண்ணை இழக்க எனக்கு மனமில்லை.

"நான் வச்சுக்கிடுதேன் சித்தி. ஆனா நீங்க ஒங்க மககிட்டச் சொல்லணும்."

"பாப்போம்" என்றாள். தாலுகா அலுவலகத்தில் நாங்கள் தினமும் சொல்கிற அதே 'பாப்போம்'. நான் அதை நம்பவில்லை.

மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். அளவு முடிவு செய்ய வேண்டும், வாருங்கள் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அளவு என்றதும் வேறு யோசனையே இல்லாமல் என் அளவு ஜாக்கெட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். மேசையில் அதை வைத்தபோது நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. சின்ன வயதுக்காரர். ஜாக்கெட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் உதவும்மா, ஆனா டேப்பும் வைக்கணும்" என்றார்.

மாதிரிகளை எடுத்து என் கையில் கொடுத்தார். முற்றாத நுங்கு மாதிரி வழுவழுவென்று அசைந்தது. நான் என் மேசையில் கேட்பதுபோல வரிசையாகக் கேட்டேன். ஆயுசுக்கும் இருக்குமா? இருக்காது, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம். தொட்டால் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது, மரத்துத்தான் இருக்கும். இதனாலேயே புற்றுநோய் வருமா? சொரசொரப்பான ஒரு ரகத்தில் மிக அரிதாக வேறொரு வகைப் புற்றுநோய் வந்திருக்கிறது, நாம் வழுவழுப்பானதையே வைப்போம். அவர் எதையும் விழுங்காமல் சொன்னதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

"பழைய அளவா, பெருசா, சிறுசா? உங்களுக்கு எது வேணும்?"

பதின்மூன்று வயதிலிருந்து பஸ்ஸிலும் தெருவிலும் புத்தகத்தையும், பிறகு ஃபைலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தவள் நான். எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

"கொஞ்சம் சிறுசா வைங்க" என்றேன். கணவர் பக்கத்தில்தான் இருந்தார். ஊர் திரும்பும்போது கோவில்பட்டியில் இறங்கி எனக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்தார்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள், பக்கவாட்டில் இருந்த குழாய்களை எடுத்துவிட்டு வீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஒரு பலகையைக் கட்டிவைத்தது போலிருந்தது. நேற்று மகள் மேலே சாய்ந்தபோது அவள் தலை பட்டது தெரியவில்லை, பாரம் மட்டும் தெரிந்தது என்று நினைத்து அழுதுகொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சித்தி மகள் தனியாக வந்திருந்தாள். சித்தி கடைசிவரை சொல்லியிருக்க மாட்டாள், ஏதோ ஆபரேஷன் என்று பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணிக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன வாரம் அம்மா கோயம்புத்தூர் வந்திருந்தா, அக்கா. இந்தப் பைய நீட்டுனா. 'என் அளவு ஜாக்கெட். இங்கன ஒரு டெய்லர்ட்ட குடுத்துத் தச்சு வையி. குடுக்க முன்ன நீ பிரிச்சுப் பாரு'ன்னுட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா. இத்தன வருசத்துல அம்மா அளவு ஜாக்கெட்ட என் கையில தந்ததே கெடையாது."

"பாத்தியா?"

"பாத்தேன். நான் உள்ள போனா, அடுப்புல ஒண்ணும் இல்ல, சும்மா நிக்கா. பொறவுதான் பெரியம்மா விசயம், ஒங்க விசயம் எல்லாம் சொன்னா." பையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நாளைக்கு ஒங்க டாக்டரப் பாக்கப் போறேன். என்ன கேப்பாக?"

"வீட்ல யார் யாருக்கு இருந்துச்சுன்னு கேப்பாங்க."

"பெரியம்மா. அம்மா." விரலை மடக்கினாள். "நீங்க."

"எனக்கு வரல. வர விடல. ஆனா என் பேரையும் சொல்லு."

பிறகு பழக்க தோஷத்தில் என் வாயில் வந்துவிட்டது. "இன்னும் யாராவது இருக்காங்களா, யோசிச்சுச் சொல்லு."

அவள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். என் மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள்.

"அவ இருக்கா" என்றாள். "எம் மக இருக்கா."