வெண்கலத்துக்கு ஆகாத எண்ணெய்

சக்கரத்தைக் கழற்றி மேசைமேல் கிடத்தியதும் அவர் முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். ஸ்பானர், துணி எல்லாம் அப்புறம்தான். சக்கரத்தின் நடுவே ஒரு கைப்பிடி அளவு உருளைக்குள் கியர் ஒளிந்திருக்கும் சைக்கிள்கள்தான் அவரிடம் வரும். அந்த உருளையில் கசிந்திருக்கும் எண்ணெயை விரலில் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள். “என்ன எண்ணெய் போட்டீங்க?” என்று கேட்கும்போது “வீட்ல இருந்தது” என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள்.

எல்லோருக்கும் அவர் கியரக்கா. ஐம்பத்தைந்து வயது. தையல் மெஷின் பழுதுபார்க்கப் போய், அங்கிருந்து சைக்கிளுக்கு வந்தவர். மேடும் பள்ளமுமான எங்கள் தெருக்களில் கியர் இல்லாமல் மிதித்தால் முட்டி கழன்றுவிடும் என்பதால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவருடைய அறையில் எப்போதும் நாலைந்து சக்கரங்கள் கிடக்கும். பேச்சு குறைவு. ரேடியோ உண்டு, ஆனால் வேலை நடக்கும்போது பாடாது. கியரின் பல் உரசும் சத்தம் கேட்கவேண்டுமாம்.

அலமாரியில் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய், அதற்குள் கம்பியில் தொங்கும் ஒரு சின்ன வெண்கல வளையம், வெளியே தேதி எழுதிய காகிதம். ஊறுகாய் போட்டிருக்கிறீர்களா என்று நான் ஒருமுறை கேட்டுவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“உள்ள சுத்துற பல்லெல்லாம் இரும்பு. அதத் தாங்குற இந்த புஷ்ஷு வளையம் வெண்கலம். இரும்புக்கு ஆகுறது இதுக்கு ஆகாது. ஒரே வீட்ல இருக்காங்கன்னு மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே மாத்திரையவா குடுப்பீங்க?”

புதிய எண்ணெய் எது வந்தாலும் நாற்பது நாள் வளையம் அதில் ஊறவேண்டும். எடுத்துத் துடைக்கும்போது நிறம் மாறாமல் இருந்தால்தான் அந்த எண்ணெய் சக்கரத்துக்குள் போகும். கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நாற்பது நாள் நாற்பது நாள்தான்.

இந்தப் பிடிவாதம் பிறவியிலேயே வந்ததல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால், லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் அவருடைய தங்கையின் கணவர் ஒரு டின் எண்ணெய் கொண்டுவந்தார். லாரி கியருக்கு ஊற்றுவது. கெட்டியானது, கந்தக நெடி அடிப்பது. இரும்புப் பற்களை எத்தனை பாரத்திலும் காக்கும் அந்தக் கந்தகமே வெண்கலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் என்பது இருவருக்குமே தெரியாது. கியரக்காவுக்கு அந்த நெடி பிடிக்கவில்லை. ஆனாலும் ஊற்றினார். “தங்கச்சி வீட்டுக்காரர் ஆசையா தூக்கிட்டு வந்தத எப்படிங்க வேணாம்னு சொல்றது? அந்த டின்னு காலியாகலைன்னா அவர் முகத்துல முழிக்க முடியுமா?”

டின் காலியானது. ஒரு வருடம் கழித்து அவர் திறந்த ஒரு சக்கரத்துக்குள் வளையம் கறுத்து, தேய்ந்து, ஆடிக்கொண்டிருந்தது. அன்றே பழைய வேலை நோட்டைப் புரட்டிப் பட்டியல் எடுத்தார். இருபத்தேழு சைக்கிள்கள். ஒவ்வொரு வீடாகப் போனார். என் வீட்டு வாசலிலும் வந்து நின்று, “தப்பான எண்ணெய் ஊத்திட்டேன், சக்கரத்தக் கழட்டிக் குடுங்க” என்றார். அப்படி ஒரு வாக்கியத்தை எந்த மெக்கானிக்கின் வாயிலிருந்தும் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இருபத்தாறு வீடுகளுக்குப் போன கால் ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது தபால்காரர் வீடு. பட்டியல் எடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, நூலகத்து மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது கியர் விட்டு, மிதி வெறுமனே சுழன்று, அவர் தலைகுப்புற விழுந்திருந்தார். முட்டி இப்போது பாதிதான் மடங்கும். தெருத்தெருவாகப் போன மனிதர் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறார். எல்லோரும் இறக்கத்தில் விழுவார்கள், இவர் ஏற்றத்தில் விழுந்தவர் என்று அங்கே கேலி. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

“ஏன் போகலக்கா?” என்று கேட்டேன்.

“பயம். வேற என்ன.”

போன சனிக்கிழமை தபால்காரரே, விழுந்த நாளிலிருந்து சும்மா கிடந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தார். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம், இனி அவள் ஓட்டப்போகிறாளாம். பஞ்சருக்காகப் போயிருந்த நான் ஓரமாக நகர்ந்துகொண்டேன்.

“உக்காருங்க தம்பி” என்றார் கியரக்கா. மோந்து பார்க்கவில்லை. நேராகத் திறந்தார். ஓரமெல்லாம் தின்னப்பட்டுக் கறுத்துப்போன வளையத்தை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

“இது நான் ஊத்துன எண்ணெயால தம்பி. லாரி எண்ணெய். இத அரிச்சுத் தின்னுடுச்சு, அதான் பல்லு நழுவி கியர் விட்டுச்சு. நீங்களா விழல. நான் விழ வச்சேன்.”

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். தபால்காரர் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் சரியாத்தான் மிதிச்சேனாக்கா?”

“சரியாத்தான் மிதிச்சீங்க.”

“எழுந்து நின்னு மிதிச்சதாலதான் விழுந்தேன்னு வீட்ல இன்னிக்கும் பேச்சு. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.” வளையத்தின் ஓரத்தை விரலால் தடவினார். “முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றார்.

“சொல்லியிருக்கணும்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “பொண்ணு திங்கக்கிழமை இதுலதான் போகணும். நம்பிக் குடுக்கலாமா?” என்று மட்டும் கேட்டார்.

கியரக்கா வேலையில் இறங்கினார். புது வளையம், சுத்தமான எண்ணெய், மதியம் வரை. தபால்காரர் பெஞ்சை விட்டு நகரவில்லை. என் பஞ்சர் எப்போதோ முடிந்திருந்தது, நானும் நகரவில்லை.

சக்கரத்தை மாட்டியதும் தபால்காரர் கை நீட்டினார். கியரக்கா சைக்கிளைக் கொடுக்கவில்லை. நூலகத்து மேட்டின் அடிவரை தானே தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். அங்கே புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மேடு செங்குத்தாகத் தொடங்கும் இடத்தில் சீட்டை விட்டு எழுந்து நின்று, முழு உடம்பையும் மிதியின்மேல் போட்டு, ஒரு கால், மறு கால் என்று உச்சிவரை மிதித்துக்கொண்டே போனார்.