முடிவெட்டும் விலையும் குட்டி நாடும்

1. ஸ்டேஷன் ரோடு

விலைவாசி சர்வேயில் சேர்ந்த முதல் நாள், ரேணிகுண்டாவில் ஒரு கடைக்காரரும் எனக்கு விலை சொல்லவில்லை. டேக்ஸ் ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். சலூன்காரர் தேவராஜ் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“குந்து நைனா. கட்டிங் நூறு ரூபா. எதுக்குக் கேக்கற?”

விளக்கிச் சொன்னேன். ஒரே வேலைக்கு ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று எழுதுவோம். நம்மைப்போன்ற பெரிய நாட்டையும், நம் மாவட்டத்து ஜனம்கூட இல்லாத குட்டி நாட்டையும் அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள், எங்கே ஜனம் வசதியாக இருக்கிறது என்று. அந்தக் குட்டி நாட்டில் கட்டிங் எவ்வளவு என்று கேட்டார். நீங்கள் பத்துத் தலைக்கு வாங்குவதை அங்கே ஒரு தலைக்கே வாங்குவார்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பெருமைக்கு ஒரு வார்த்தை சேர்த்தேன்.

“நீங்க சொல்ற ரேட்டுதான்ணா டெல்லி வரைக்கும் போவுது.”

வாடகை ஏறியதில் கடையை மூடுவதா வேண்டாமா என்று அவர் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

2. போர்டு

அடுத்த மாதம் சுவரில் போர்டு: ‘கட்டிங் 150. கவர்மென்ட் ரேட்.’ வாடிக்கைக்காரர் முறைத்தால் என்னைக் கைகாட்டினார். நான் மறுக்கவில்லை. எங்கள் ஃபாரத்துக்கு மாதாமாதம் அதே கடை வேண்டும். அவரும் கோபித்துக்கொண்டால் யாரிடம் போவது? நூற்றைம்பது என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் மாதம் நாற்காலி காலி. மற்ற கடைகளும் இதே ரேட்டு வைக்கச் சொல்லி ஆர்டர் எப்போது வரும் என்று கேட்டார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்: எழுதுவதோடு எங்கள் வேலை சரி, ரேட்டு வைப்பது நாங்கள் இல்லை.

“அப்ப நான் நூறு ரூபாய்க்கே வெட்டிக்கினு இருந்தா?”

“கம்மிக் காசுல எல்லாம் கெடைக்குது, ஜனம் வசதியா இருக்குதுன்னு கணக்காவும்ணா.”

“வெட்டிக்கிற ஜனமா நைனா, வெட்டற ஜனமா?”

ஃபாரத்தை மடித்துக்கொண்டு கிளம்பினேன். அவர் பழைய விலைக்கே இறங்கிப் பார்த்தார். போனவர்கள் போனவர்கள்தான்.

3. மாற்றுக் கடை

அதற்கடுத்த மாதம் ஷட்டர் இறங்கியிருந்தது. கடை மூடிவிட்டால் பக்கத்துக் கடையை எடுக்கவேண்டும் என்பது ரூல். பின்தெருவில் ஒருவர் எண்பது ரூபாய் என்றார். சூப்பர்வைசர் ஃபாரத்தைப் பார்த்து, “பரவால்லியே, ரேட்டு கொறஞ்சிருக்குதே” என்றார்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விலை கேட்கும்போதே, இதனால் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வசதி கூடியிருக்கிறது என்று அந்தத் தாள் மேலே போயிற்று. கீழே என் கையெழுத்து.