ஏழுமலை போட்ட குழி

கசார்வாடியில் என் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஏழுமலையின் மைத்துனர் வாசலில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவரே உள்ளே வந்து மோட்டாரை நிறுத்தினார். "அண்ணா, மாமா பூட்டாரு. காலைல ஷிஃப்டுக்குக் கெளம்பிக்கினு இருந்தாரு. நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தாரு, அவ்ளோதான்" என்றார். ஏழுமலைக்கு முப்பத்தாறு வயதுதான். நான் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனிமேல் அவனிடம் சொல்ல முடியாது என்ற நினைப்புதான் முதலில் வந்தது.

அவர் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எங்களுக்குள் வாடா போடாதான். இருவருடையதும் ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பங்கள், நான் சொந்தப் பட்டறை போடும்வரை பூனாவை ஒட்டிய கட்கியில் ஒரே தொழிற்சாலை, ஒரே மரப்பெட்டிப் பிரிவு. தோட்டாக்களை அடுக்கி அனுப்பும் பெட்டிகளை நாங்கள் செய்தோம். அவன் பலகைக்கு அளவு போடுவான், நான் அறுப்பேன். ஆகவே அவன் என்றே எழுதுகிறேன். சங்கம் போடும் இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவனைத் தெரிந்தவர்களுக்கு அவன் ஓட்டக்காரன் என்பது நினைவிருக்கும். நூறு கெஜ ஓட்டத்தில் எங்கள் பிரிவில் நான் முதல், அவன் இரண்டாவது. நான்கு வருடம் இப்படியே போயிற்று. ஒரு கை தூரத்தில் என் பின்னால் வந்து சேருவான். "உன் முதுகு எனக்கு நல்லா மனப்பாடம் ஆயிடுச்சு பா" என்று சிரிப்பான். அதில் பொறாமை துளியும் இருந்ததில்லை. இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு நான் ஏங்கியதுண்டு. இருந்திருந்தால் என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இளைஞர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அப்போது கால் ஊன்றிப் புறப்படக் கட்டைகள் எங்களுக்குக் கிடையாது. கோட்டுக்குப் பின்னால் மண்ணில் இரண்டு குழி தோண்டி, முன்கால் ஒன்றிலும் பின்கால் ஒன்றிலும் வைத்துக் குனிந்து நிற்போம். தோட்டக்காரர்கள் புல் செதுக்குகிற குர்ப்பிதான் கருவி. அவரவர் குழியை அவரவரே போட்டுக்கொள்வார்கள். போட்ட பிறகு குதிகாலால் இரண்டு மூன்று தரம் உதைத்துப் பார்க்காமல் எவனும் ஓட மாட்டான். நானோ கால் மணி நேரம் செதுக்கிக்கொண்டிருப்பேன். "குழி காலுக்குத்தான் பா, கண்ணுக்கு இல்ல" என்பான் ஏழுமலை. அவனுடையது ஒரு நிமிஷ வேலை. பெட்டிப் பலகையில் மிஞ்சிய ஒரு மரப்பட்டி வைத்திருப்பான். அதில் பென்சிலால் கோடு கிழித்து அளவு குறித்திருப்பான். பட்டியைத் தரையில் வைப்பான், இரண்டு வெட்டு, முடிந்தது.

பான்ஷேத் அணை உடைந்து பூனா மூழ்கியதே, அதற்கு முந்தைய ஆண்டின் குளிர்காலம். தொழிற்சாலை விளையாட்டு தினம். மூன்று நாள் முன்பே பயிற்சியில் என் வலது தொடையின் பின்சதை சுரீரென்று இழுத்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் இடத்தில் வேறொருவன் ஓடுவான். போட்டியன்று கேன்டீனில் பஜியா தின்றுகொண்டு, "இந்த வருஷமும் நீதான் சம்பத்" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிட்டபோதுதான் எழுந்து ஓடினேன். உடம்பைச் சூடுபடுத்தவில்லை. போய்ப் பார்த்தால் என் கோட்டில் குழி தயாராக இருந்தது. "நீ வரல. அதான் நானே போட்டுட்டேன். ஒதச்சிப் பாரு" என்றான் ஏழுமலை. உதைத்துப் பார்த்தேன். கல்லாக நின்றது. துப்பாக்கி வெடித்தது. நாற்பது கெஜத்தில் தொடையில் யாரோ கத்தியை இறக்கியதுபோல இருந்தது. விழுந்தேன். ஏழுமலை முதன்முறையாக முதலில் வந்தான். நூலை அறுத்த கையோடு திரும்பி என்னிடம் ஓடி வந்தான்.

எங்கள் அணியைப் பார்த்துக்கொண்டவர் ஷிண்டே சாகேப். அவர் என் பக்கத்தில் குந்தி, "கட்டா கிஸ்னே கோதா?" என்றார். குழி யார் தோண்டியது என்று கேட்டார். "ஏழுமலை" என்றேன். அதுவரை உண்மை. பிறகு ஒரு வாக்கியம் சேர்த்தேன். "பின்கால் வழுக்கினாற்போல இருந்தது, சாகேப்." யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று நாள் வலியை மறைத்தவன், பஜியா தின்று உட்கார்ந்திருந்தவன் என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது ஏழுமலை என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான்.

பிறகு என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தான் முதலாவதாக வருவதற்காகத் தன்னோடு ஓடுகிறவனுக்கு ஆழமில்லாத குழி போட்டான் என்று பேச்சு பரவியது. கான்பூரில் மற்றத் தொழிற்சாலைகளோடு நடக்கும் போட்டிக்கு அவன் பெயரை ஷிண்டே சாகேப் அடித்துவிட்டார். அந்தப் பயணத்துக்காகத் தன் தகரப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வைத்திருந்தான். அணியிலிருந்தும் எடுத்தார்கள். அவன் யாரிடமும் வாதாடவில்லை. எனக்குக் கட்டுப் போட்டிருந்த நாட்களில் தைலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து போனான். ஒருநாளாவது கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். நம்ப முடியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் கால் ஆறிவிட்டது. நின்றபடி புறப்பட்டால் பழைய வேகம் வந்தது. குழியில் கால் வைத்தால்தான் கோளாறு. இடுப்பை உயர்த்தும் நேரத்தில் பின்கால் வழுக்கிவிடும் என்ற பயம் பிடித்துக்கொள்ளும், உடம்பு தானாக எழுந்து நின்றுவிடும். நானே போட்ட குழியிலும் அப்படித்தான். வேடிக்கையைப் பாருங்கள். குழி வழுக்கியது என்பது நானே கட்டிய கதை. ஊர் முழுக்க அதைப் பேசிப் பேசி, கடைசியில் என் கால் அதை நம்பிவிட்டது.

ஒரு விடியற்காலை, ஷிஃப்டுக்கு முன்பு, நான் மைதானத்தில் இப்படி எழுந்து எழுந்து நின்றுகொண்டிருந்தேன். ஏழுமலை சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ.

"கால்ல ஒண்ணும் இல்ல பா. குழிலதான் உனுக்கு பயம்" என்றான்.

நான் குனிந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"செரி, எனுக்கு ஒரு குழி போடு."

"உனக்கா? நான் எதுக்கு?"

"போடு பா, சும்மா."

குர்ப்பியை என் கையில் கொடுத்தான். அளவுப்பட்டியைக் கொடுக்கவில்லை. நான் கண்திட்டமாகத் தோண்டினேன். பின்குழி கோணலாக விழுந்தது எனக்கே தெரிந்தது. அவன் வந்து கால் வைத்தான். குதிகாலால் உதைத்துப் பார்க்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சொல்லு" என்றான். நான் கையைத் தட்டினேன். அந்தக் கோணல் குழியிலிருந்து பாய்ந்து மைதானத்தின் மறுகோடி வரை ஓடினான். திரும்பி நடந்து வந்து, மூச்சு வாங்க, "நல்லாத்தான போட்டுகீற" என்றான்.

என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. காரணமே இல்லாமல் அவன் பெயரைக் கெடுத்தவன் நான் என்பதை அவன் அறிவான். அறிந்தும் என் குழியில் கால் வைத்தான்.

"இப்ப நான் உனுக்குப் போடட்டா?" என்று கேட்டான். தலையை ஆட்டினேன். பட்டியை வைத்து இரண்டு வெட்டு வெட்டினான். நானும் உதைத்துப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? கை தட்டினான். போனேன். கால் வழுக்கவில்லை. மூன்று மாதம் தினமும் காலையில் அவன் எனக்குக் குழி போட்டான், நான் ஓடினேன். "போய்ச் சேரு, பாத்துக்கலாம்" என்பான் ஒவ்வொரு தடவையும். என் பழைய நேரம் திரும்பி வந்தது.

அடுத்த விளையாட்டு தினத்தில் எல்லோர் முன்னாலும் அவனையே எனக்குக் குழி போடச் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன். வாயால் சொல்ல வராததை அப்படியாவது சொல்லிவிடலாம் என்று எண்ணம். அவனும் எதிர்பார்த்திருக்க வேண்டும். முடிவுக்கோட்டில் நூல் பிடிக்கும் வேலை அவனுக்கு. அந்த நூலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, குர்ப்பியும் பட்டியுமாக நூறு கெஜம் நடந்து என்னிடம் வந்தான். ஷிண்டே சாகேப் சத்தமாக, "இவனைக் கிட்டே விடாதே" என்றார் இந்தியில். பிரிவே திரும்பிப் பார்த்தது. எல்லோர் கண்ணும் என் வாயில் இருந்தது.

"குடு, நானே போட்டுக்கறேன்" என்றேன்.

அவன் ஒரு நொடி நின்றான். பிறகு குர்ப்பியின் கைப்பிடி என் பக்கம் வரும்படி திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே நடந்து போனான். நான் ஜெயித்தேன். என் மார்பில் அறுந்த நூலின் மறுமுனை அவன் கையில் இருந்தது. "நல்லா வந்த பா" என்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் கான்பூருக்கு நான் போனேன். திரும்பி வந்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அங்க தரை எப்டி?" நிலக்கரிச் சாம்பல் கொட்டியிருந்தார்கள் என்றேன். "அதுல குழி நிக்குமா?" என்று கேட்டு, நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவன் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நானும் பேசினேன். உழைப்பாளி, உபகாரி என்றெல்லாம் ஐந்து நிமிடம் பேசி உட்கார்ந்தேன். வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு பெரியவர் இன்னொருவரிடம், "அந்தக் குழி சமாச்சாரத்துல மாட்டனவரு தானே? மத்தபடி தங்கமான மனுஷன்" என்றார். எட்டு வருடம் கழித்தும் அந்த 'மத்தபடி' போகவில்லை. நான் தலையைக் குனிந்து வாரை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கன்னியம்மா அந்த மரப்பட்டியை எடுத்து வந்து கொடுத்தது. இரண்டு பென்சில் கோடுகள். ஒன்றின் மேல் 'ஏ', இன்னொன்றின் மேல் 'ச'. என் அளவு. மங்க மங்க மேலே மேலே எழுதியிருந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா?" என்றது கன்னியம்மா. "அந்தக் குழிய அவுரு தப்பாத்தான் போட்டாரா? நானும் எத்தினியோ வாட்டி கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிடுவாரு. ஆருகிட்ட கேக்கறதுன்னு தெரியல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பழைய கதைம்மா" என்றேன். பட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பட்டிதான். பட்டறையில் என் லேத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கன்னியம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இந்த மலர் அச்சாகி வந்ததும் யாரும் அதற்குப் படித்துக் காட்ட வேண்டாம். நானே எடுத்துக்கொண்டு போய், எதிரே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசிக்கிறேன். கடைசி வரி அதற்காகத்தான்.

கன்னியம்மா, குழி சரியாகத்தான் இருந்தது.